பார்ட்னியின் அடையாக் கதவு

கதவைச் சாத்தாமல் உள்ளே வரும் பிள்ளையைப் பார்த்து, "உங்கள் வீட்டில் கதவே கிடையாதா?" என்று நம் பெரியவர்கள் கடிந்துகொள்வது உண்டு. இங்கிலாந்தின் கிழக்கே, வடகடலை ஒட்டியுள்ள லிங்கன்சயர் மாவட்டத்தில் இதே குற்றத்திற்கு வேறொரு கேள்வி வழங்கிவருகிறது: "நீ பார்ட்னியிலிருந்து வந்தவனோ?" அந்தக் கேள்வியின் வேர் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு துறவற மடத்து வாயிலில் கழிந்த ஓர் இரவில் இருக்கிறது. கேட்பவர்களில் எத்தனை பேர் அதை நினைத்துக் கேட்கிறார்களோ!

பார்ட்னி ஒரு சிற்றூர். லிங்கன் நகரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், விதாம் ஆற்றின் கரையை அடுத்து அமைந்துள்ளது. அந்நாட்டில் 'பங்கு' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. திருச்சபை தன் மக்களுக்கென்று எல்லை வகுத்த நிலப்பரப்பே, 1894ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் நம் ஊராட்சியைப் போன்ற ஆட்சி அலகாகவும் ஆயிற்று. ஆகவே பார்ட்னிப் பங்கின் பழமைச் சின்னங்கள் என்று பேசத் தொடங்கினால் கோயிலோடும் கல்லறையோடும் நின்றுவிட முடியாது. மடம் இருந்த புல்வெளி, 1434இல் எழுந்த ஆலயம், குண்டுவீச்சு விமானங்கள் ஓடிய ஓடுபாதை, ஊர் நடுவே நிற்கும் ஒரு நார்வே நாட்டுப் பாறை ஆகிய அனைத்தும் அந்தப் பங்கின் உடைமைகளே. இவற்றை ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது எழும் கேள்வி ஒன்று உண்டு. பகைவராக இறந்தவர்களுக்கு நம் வாயிலில் இடம் உண்டா என்பதே அது.

அந்த இரவின் கதையை நமக்குச் சொல்பவர் மறைவல்லுநரான புனித பீட். 731ஆம் ஆண்டில் அவர் முடித்த ஆங்கில மக்களின் திருச்சபை வரலாற்றில், மூன்றாம் பகுதியில் இது வருகிறது. நார்த்தம்பிரியா நாட்டு மன்னர் ஒஸ்வால்டு, அயோனா தீவிலிருந்து புனித எய்டனைத் தம் நாட்டுக்கு அழைத்தவர். அந்த ஆயருக்கு ஆங்கிலம் சரிவர வாராதபோது தாமே பக்கத்தில் நின்று மறையுரையை மொழிபெயர்த்தவர். 642ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள், மெர்சியா நாட்டு மன்னன் பெண்டாவோடு நடந்த போரில் அவர் மடிந்தார். பெண்டா திருமுழுக்குப் பெறாதவன். இறந்தவரின் தலையையும் கைகளையும் வெட்டிக் கழிகளில் தொங்கவிடச் செய்தான். பகைவர் சூழ்ந்த நிலையில், உயிர் போகும் தறுவாயில், ஒஸ்வால்டு தம் படைவீரர்களின் ஆன்மாக்களுக்காக இறைவனிடம் மன்றாடினார் என்றும், அது மக்களிடையே பழமொழி போலவே வழங்கிற்று என்றும் பீட் எழுதுகிறார்.

ஒரு தலைமுறை கழிந்தது. ஒஸ்வால்டின் தம்பி மகள் ஓஸ்திரித், பெண்டாவின் மகனும் மெர்சியாவின் புதிய மன்னனுமாகிய எதல்ரெட்டுக்கு மனைவியானாள். பெரியப்பாவைக் கொன்றவனின் வீட்டிற்கே மருமகளாகப் போனாள் என்று நம் வழக்கில் சொல்ல வேண்டும். அரசர் குடும்பங்களில் பகையைத் தணிக்கப் பெண் கொடுப்பது எங்கும் உள்ள வழக்கந்தான். அந்தப் பகையின் முழுச் சுமையும் அப்பெண்ணின் தோளில் ஏறிவிடும் என்பதும் எங்கும் உள்ளதுதான். 679இல் நடந்த மற்றொரு போரில், அவளுடைய உடன்பிறந்தான் அவள் கணவனின் படையோடு பொருது மடிந்தான். இத்தகைய பெண்ணொருத்தி தன் பெரியப்பாவின் எலும்புகளைத் தேடி எடுத்து, தானும் தன் கணவனும் பெரிதும் போற்றிவந்த பார்ட்னி மடத்தில் அடக்கம் செய்ய விரும்பினாள்.

திருப்பண்டங்களை ஏற்றிய வண்டி மாலையில் மடத்து வாயிலை அடைந்தது. துறவியர் கதவைத் திறக்கவில்லை. ஒஸ்வால்டு தூயவர் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆயினும் அவர் அயல்நாட்டார். ஒருகாலத்தில் அவர்களுடைய லிண்ட்சி நாட்டை அடிப்படுத்தி ஆண்டவர். இறந்தும் அவர்மீது பழைய வெறுப்பு அவர்களுக்குத் தீரவில்லை என்று பீட் வெளிப்படையாகவே எழுதுகிறார். (பீட் நார்த்தம்பிரியாவைச் சேர்ந்தவர் என்பதையும் நாம் மறக்கலாகாது, தம் நாட்டு மன்னரை ஏற்க மறுத்தவர்களின் நாணத்தைச் சொல்வதில் அவருக்குச் சிறிது மனநிறைவும் இருந்திருக்கலாம்.) எலும்புகள் வெளியே, வண்டியில், மேலே விரித்த ஒரு கூடாரத்தின் அடியில் அன்றிரவு கிடந்தன. இரவு முழுவதும் அவ்வண்டியிலிருந்து வானம்வரை ஓர் ஒளித்தூண் எழுந்து நின்றது. லிண்ட்சி நாடெங்கும் ஏறத்தாழ எல்லா இடங்களிலிருந்தும் மக்கள் அதைக் கண்டனர். விடிந்ததும், முந்தின நாள் மறுத்த அதே துறவியர் அந்த எலும்புகளைத் தங்களிடம் தருமாறு கெஞ்சிக் கேட்டனர்.

எலும்புகளைக் கழுவிப் பேழையில் வைத்துக் கோயிலுள் அடக்கம் செய்தனர். மன்னரின் கொடி, பொன்னும் செந்நீலமும் கலந்தது, கல்லறையின்மேல் தொங்கவிடப்பட்டது. கழுவிய நீரைத் திருவிடத்தின் ஒரு மூலையில் ஊற்றினார்கள். அந்த ஈர மண் பலருக்கு நோய் தீர்த்தது என்றும், காய்ச்சலால் வருந்திய ஒரு சிறுவன் கல்லறையருகே அமர்ந்திருந்து நலம்பெற்றான் என்றும் பீட் தொடர்கிறார். அவ்விரவுக்குப்பின் மடத்துத் துறவியர் தங்கள் வாயிற்கதவைச் சாத்தவே இல்லை என்பது பீடின் நூலில் இல்லை. அது ஊர் வழக்கு. 'அடையா வாயில்' என்று நம் பழந்தமிழ்ப் புலவர் வள்ளல்களின் இல்லத்தைப் போற்றுவர். அங்கே கதவு திறந்திருப்பது கொடைக்கு அடையாளம். பார்ட்னியில் அது குற்றத்திற்குச் செய்த கழுவாய்.

ஓஸ்திரித்தின் முடிவு நலமாக அமையவில்லை. 697இல் மெர்சியாவின் பெருமக்களே அவளைக் கொன்றனர். எதல்ரெட் 704இல் முடி துறந்து, பார்ட்னியில் துறவியாகிப் பின்னர் மடத்தலைவராகவும் இருந்தான். தந்தை கொன்றவரின் கல்லறைக்குப் பக்கத்தில் மகன் செபமாலையின்றி (அது பிற்காலத்தது) திருப்பாடல்களைப் பாடிக்கொண்டு முதுமையைக் கழித்தான் என்பதை எண்ணிப் பார்க்கும்போது, அந்த ஒளித்தூணைக் காட்டிலும் இதுவே பெரிய புதுமை என்று எனக்குத் தோன்றுகிறது.

அதன்பின் வந்த நூற்றாண்டுகளை விரைந்து கடக்கலாம். 870ஐ ஒட்டி டேனியர் மடத்தை அழித்தனர். புனிதரின் எலும்புகள் 909இல் குளூஸ்டர் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டன. 1087இல் நார்மானியர் காலத்துப் பெருநிலக்கிழார் ஒருவர் மடத்தை மீண்டும் நிறுவ, புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவியர் அங்கே நானூற்றைம்பது ஆண்டுகள் வாழ்ந்தனர். எட்டாம் ஹென்றி மடங்களைக் குலைக்கத் தொடங்கியபோது, 1536 அக்டோபரில் லிங்கன்சயர் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சியில் சேர்ந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டுப் பார்ட்னித் துறவியர் சிலர் 1537இல் கொல்லப்பட்டனர். 1538இல் மடம் மூடப்பட்டது. நிலமும் கட்டடமும் ஒரு பிரபுவின் கைக்குப் போயின. அதே பள்ளத்தாக்கில் இருந்த பார்லிங்ஸ், கெர்க்ஸ்டெட், டப்ஹோம் முதலிய மடங்களுக்கும் இதே கதி. டப்ஹோமில் உணவறையின் ஒற்றைச் சுவர் மட்டும் இன்றும் வயல் நடுவே நிற்கிறது. துறவியர் உண்ணும்போது ஒருவர் நின்று திருநூல் வாசிப்பதற்கென்று சுவரிலேயே அமைத்த மேடையும் அதில் எஞ்சியுள்ளது.

பார்ட்னியில் அந்த அளவுகூட எஞ்சவில்லை. மடத்துக் கோயிலின் அருகிலிருந்த பழைய பங்குக் கோயில் சிதைந்துபோக, 1434இல் ஊருக்குள் புதியதாகக் கட்டப்பட்டதே இன்று நாம் காணும் புனித லாரன்ஸ் ஆலயம். சமயப் பிரிவினைக்கு நூறு ஆண்டுகளுக்கு முன் எழுந்த கட்டடம் ஆகையால், அதன் முதல் நூற்றாண்டு நம் திருப்பலியோடு கழிந்தது. இன்று அது ஆங்கிலிக்கன் சபையினருடையது. இதைப் படிக்கும் கத்தோலிக்கர் ஒருவருக்கு நெஞ்சில் சிறு முள் தைப்பது இயல்பே. ஆனால் அந்த முள்ளைச் சற்றே நெகிழ்த்தும் செய்தி ஒன்று உண்டு. 1909இலிருந்து முதல் உலகப் போர் தொடங்கும்வரை, அவ்வாலயத்தின் ஆங்கிலிக்கன் குருவான சார்லஸ் லேங் என்பவர் முன்னின்று மடம் இருந்த நிலத்தைத் தோண்டச் செய்தார். கோயிலின் அடித்தளம், தூண்களின் அடிப்பகுதிகள், துறவியர் கூடிய அறை, மடத்தலைவர்களின் கல்லறைப் பலகைகள் ஆகியவை வெளிப்பட்டன. செதுக்கிய கற்களும் கல்லறைப் பலகைகளும் பங்கு ஆலயத்திற்கு எடுத்துவரப்பட்டன. 1508இல் இறந்த மடத்தலைவர் ரிச்சர்டு ஹார்ன்காஸ்டில் என்பவரின் கல்லறைப் பலகை அவற்றுள் ஒன்று. வெளியே மழையிலும் பனியிலும் கற்கள் பொரியத் தொடங்கியதால் அடித்தளங்கள் பின்னர் மண்ணிட்டு மூடப்பட்டன. தன் சபை கைவிட்ட துறவிகளின் பெயர்களைத் தன் ஆலயத்திற்குள் கொண்டுவந்து வைத்த அந்தக் குருவும் ஒரு கதவைத் திறந்தவரே.

இனி ஓடுபாதைக்கு வருவோம். துறவியரையும் விமானிகளையும் அந்த நிலத்திற்கு இழுத்துவந்த காரணங்கள் ஒன்றல்ல. துறவியர் வந்த காலத்தில் விதாம் பள்ளத்தாக்கு சதுப்பும் நாணலுமாக இருந்தது. ஆள் அரவமற்ற தனிமையைத் தேடி வந்தார்கள். பின்னாளில் நீர் வடிக்கப்பட்டுச் சதுப்பு வயலாயிற்று. தட்டையான அந்த வயல்வெளியும், கடலைத் தாண்டினால் ஜெர்மனி என்னும் அணுக்கமும் இரண்டாம் உலகப் போரில் விமானப் படைக்குப் பயன்பட்டன. லிங்கன்சயரில் மட்டும் அக்காலத்தில் ஏறத்தாழ ஐம்பது விமானத் தளங்கள் இருந்தன. 'குண்டுவீச்சாளர் மாவட்டம்' என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று.

பார்ட்னிக்கு வடக்கே மூன்று ஓடுபாதைகளோடு தளம் அமைக்கப்பட்டு, 1943 ஏப்ரலில் 9ஆம் விமான அணி அங்கு வந்து இறங்கியது. லங்காஸ்டர் என்னும் நான்கு பொறி விமானங்கள்; ஒவ்வொன்றிலும் ஏழு பேர். 1940 கோடையிலிருந்து இங்கிலாந்தின் கோயில் மணிகள் ஒலிக்கக் கூடாது என்ற தடை இருந்தது. எதிரி தரையிறங்கினால் மட்டுமே அடிக்க வேண்டும் என்பது ஆணை. அத்தடை நீங்கியதும் 1943ஆம் ஆண்டிலேயே. ஆகவே பார்ட்னி மக்கள் ஒரே ஆண்டில் தங்கள் கோயில் மணியைத் திரும்பக் கேட்டார்கள். மாலை வேளைகளில் கூரைமேல் எழுந்துசெல்லும் லங்காஸ்டர்களின் இரைச்சலையும் கேட்கத் தொடங்கினார்கள். 9ஆம் அணியின் சின்னம் வௌவால். இரவினூடே பறக்கிறோம் என்னும் பொருள்பட இலத்தீனில் ஒரு முழக்கச் சொற்றொடர். முன்பு நள்ளிரவு மன்றாட்டுக்கு எழுந்த துறவியரின் இலத்தீன் அந்த மண்ணுக்குப் புதிதன்று; அது சொன்ன செய்திதான் புதிது.

அந்த இளைஞர்கள் என்ன செய்யச் சென்றார்கள் என்பதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. தொடக்கத்தில் அவர்கள் செய்தது நகரங்களின்மீது குண்டு வீசும் பணி. 1943 ஜூலை இறுதியில் ஹாம்பர்க் நகர்மீது நடந்த தாக்குதல்களில் பார்ட்னியின் விமானங்களும் கலந்துகொண்டன. அங்கே நெருப்புச் சூறாவளியில் 35,000க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். பெரும்பாலோர் படைவீரர் அல்லர். மறுபக்கத்தில், பிரித்தானியக் குண்டுவீச்சுப் படையின் விமானக் குழுவினராகச் சென்றவர்களில் ஏறத்தாழ 1,25,000 பேருக்கு 55,573 பேர் போர் முடியுமுன் இறந்தனர். நாட்டைக் காக்கிறோம் என்ற உறுதியோடு சென்றவர்கள் அவர்கள். இருபதும் இருபத்திரண்டும் நிறைந்த வயதினர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் தன் ஏட்டில், நகரங்களை அங்குள்ள மக்களோடு வேறுபாடின்றி அழிக்கும் போர்ச்செயல் எதுவும் கடவுளுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றம் என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பில் நமக்கு ஐயமில்லை. ஆனால் பார்ட்னியின் ஓடுபாதையிலிருந்து எழுந்து திரும்பாதவர்களை அத்தீர்ப்பின் ஓரத்தில் நிறுத்திவிட்டு நாம் போய்விட முடியுமா? முடியாது என்றே நினைக்கிறேன். அதற்குக் காரணம் ஜார்ஜ் தாம்சன்.

தாம்சன் ஸ்காட்லாந்துக்காரர், மளிகைக் கடையில் தொழில் பழகியவர், விமானத்தில் கம்பியில்லாத் தந்தி இயக்குநர். 1945 ஜனவரி முதல் நாள், பகல் தாக்குதல் ஒன்றுக்காக அவருடைய லங்காஸ்டர் பார்ட்னியிலிருந்து கிளம்பியது. இலக்கு ஊர் அன்று, டார்ட்மண்டு-எம்ஸ் கால்வாய். குண்டுகளை வீசி முடித்த சில நொடிகளில் விமானம்மீது இரண்டு பீரங்கிக் குண்டுகள் பாய்ந்தன. முன்பகுதி பிளந்து காற்று உள்ளே சீறியது. நடுப்பகுதியில் தீப்பிடித்தது, தரையில் பெரிய ஓட்டை. மேல்புறத் துப்பாக்கிக் கூண்டில் இருந்தவர் நினைவிழந்து தீயின் நடுவே கிடந்தார். துப்பாக்கி ரவைகள் வெடித்துக்கொண்டிருந்தன. தாம்சன் அதற்குள் நுழைந்தார். அவரைக் கூண்டிலிருந்து இழுத்து, தரையின் ஓட்டையைச் சுற்றித் தூக்கிவந்து, எரியும் உடைகளை வெறுங்கையால் அணைத்தார். முகமும் கைகளும் கால்களும் வெந்துபோயின. அப்போதுதான் வால்பகுதிக் கூண்டிலும் ஒருவர் எரிந்துகொண்டிருப்பதைக் கண்டார். மீண்டும் தீக்குள் சென்றார்; வெந்த கைகளாலேயே அந்தத் தீயையும் அணைத்தார். பிறகு தகவல் சொல்ல முன்னே தவழ்ந்து சென்றபோது, விமானத் தலைவருக்கு அவரை அடையாளம் தெரியவில்லை.

நாற்பது நிமிடங்களுக்குப்பின் விமானம் நெதர்லாந்தில் ஒரு வயலில் விழுந்து இறங்கிற்று. தாம்சன் காப்பாற்றிய இருவரில் ஒருவர் மறுநாளே இறந்தார், மற்றவர் பிழைத்தார். தாம்சன் மூன்று வாரங்கள் உயிரோடிருந்து, ஜனவரி 23ஆம் நாள் பிரசல்ஸில் இறந்தார். வயது 24. இறப்புக்குப் பின் அவருக்கு விக்டோரியா சிலுவை விருது வழங்கப்பட்டது. பார்ட்னி ஆலயத்தின் பாதுகாவலர் புனித லாரன்ஸ், இரும்புக் கட்டிலின்மேல் நெருப்பில் வாட்டப்பட்டு உயிர்நீத்த திருத்தொண்டர் என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாம்சனை நான் மறைசாட்சியாக்கவில்லை. குண்டுகளை வீசிவிட்டுத் திரும்பிய விமானத்தில்தான் அவர் இருந்தார். நண்பர்களுக்காக உயிர் கொடுத்ததும் அதே விமானத்தில்தான். இரண்டையும் ஒன்றோடொன்று கழித்துக் கணக்கை நேர்செய்துவிட முடியவில்லை. ஜனவரி முதல் நாளை உலக அமைதி நாளாக 1968 முதல் திருச்சபை கொண்டாடி வருகிறது. அந்நாளில் என் நினைவுக்கு வருபவர்களுள் இவரும் ஒருவர்.

அதற்கு ஏழு வாரங்களுக்கு முன் நடந்ததையும் சொல்ல வேண்டும். டிர்பிட்ஸ் என்னும் ஜெர்மானியப் பெரும்போர்க்கப்பல் வட நார்வேயின் கடற்கழிகளில் மறைந்திருந்து, ரஷ்யாவுக்குச் செல்லும் கப்பல்களை அச்சுறுத்தி வந்தது. அதை அழிக்க 9ஆம் அணியும் 617ஆம் அணியும் மூன்று முறை சென்றன. 1944 செப்டம்பர் 15ஆம் நாள், ரஷ்யாவில் தற்காலிகமாக இறங்கியிருந்து தாக்கியபோது, ஏறத்தாழ 5,400 கிலோ எடையுள்ள குண்டு ஒன்று கப்பலின் முகப்பைப் பிளந்தது. அக்டோபர் இறுதியில் நடந்த இரண்டாம் முயற்சி மேகத்தால் வீணாயிற்று. நவம்பர் 12ஆம் நாள் காலை, டிராம்சோ அருகே கப்பல் குண்டுகளால் தாக்கப்பட்டுக் கவிழ்ந்தது. ஏறத்தாழ ஆயிரம் மாலுமிகள் இறந்தனர். கவிழ்ந்த கப்பலின் அடித்தகட்டை வெட்டித் திறந்து எண்பதுக்கும் மேற்பட்டோரை மீட்டனர். எஞ்சியவர்களுக்குக் கதவு திறக்கப்படவில்லை. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நவம்பரின் இரண்டாம் ஞாயிறு. இன்று பிரித்தானியா தன் போர் மடிந்தோரை நினைவுகூரும் நாளும் அதுவே. அன்றைய தாக்குதலுக்குப் படைத்துறை இட்டிருந்த மறைபெயர் 'ஞானோபதேசம்'. பெயரிட்டவர் எதை நினைத்து இட்டாரோ தெரியாது. நம்மால் அதை எளிதில் கடந்துபோக முடியவில்லை. கப்பலை மூழ்கடித்தது எங்கள் குண்டா உங்கள் குண்டா என்று இரு அணிகளும் பல பத்தாண்டுகள் பூசலிட்டதும், அக்கப்பலின் உள்தடுப்புத் தகடு ஒன்றை மாறிமாறித் திருடிக்கொண்டதும் வேடிக்கையாகப் பேசப்படுகின்றன. வேடிக்கைதான். ஆயினும் அத்தகட்டுக்குப் பின்னால் இருந்தவர்களை எண்ணும்போது சிரிப்பு வரவில்லை.

அந்த 617ஆம் அணி பார்ட்னிக்கு அருகே, கெர்க்ஸ்டெட் மடத்தின் இடிபாட்டை ஒட்டிய உட்ஹால் ஸ்பா தளத்தில் இருந்தது. 1944 ஜூலைவரை அதன் தலைவர் லியோனார்டு செஷையர். நம் நாட்டுக்கு அவர் பெயர் புதிதன்று. 1945 ஆகஸ்டு 9ஆம் நாள் நாகசாகியின்மேல் அணுகுண்டு வெடித்ததை விமானத்திலிருந்து பார்த்தவர்களில் அவரும் ஒருவர். 1948இல், தன்னந்தனியாகச் சாகக் கிடந்த ஒரு நோயாளியைத் தம் வீட்டில் ஏற்றுப் பேணினார். அவ்வாண்டுக் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தின நாள் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். அன்று ஏற்ற ஒரு நோயாளியிலிருந்து வளர்ந்தவையே செஷையர் இல்லங்கள். 1956இல் மும்பையில் தொடங்கி, இந்தியாவின் பல நகரங்களில் உடல் ஊனமுற்றோருக்கு அவை புகலிடம் ஆயின. ஆனால் இவரைப் பற்றிப் பேசும் பக்திக் கட்டுரைகள் பெரும்பாலும் விட்டுவிடும் செய்தி ஒன்று உண்டு. தாம் வீசிய குண்டுகளுக்காக அவர் மனம் வருந்தி மாறியவர் அல்லர். அணுகுண்டு போரை முடித்துவைத்தது என்றே இறுதிவரை வாதிட்டார். அவரோடு இதில் நாம் உடன்பட வேண்டியதில்லை. மனம் திரும்பாத இடம் ஒன்றை உள்ளே வைத்துக்கொண்டே ஒருவர் தம் வீட்டுக் கதவை உலகத்து நோயாளிகளுக்கெல்லாம் திறந்துவிட முடிந்தது என்பது மட்டும் சிந்திக்கத்தக்கது.

பார்ட்னித் தளத்தின் கதை 1945 கோடையில் அணி கிளம்பிப் போனதோடு முடியவில்லை. 1959 முதல் 1963வரை அங்கே மூன்று அணு ஏவுகணைகள் நிறுத்திவைக்கப்பட்டிருந்தன. அவற்றின் பெயர் 'தோர்'. பழைய மடத்தை எரித்த டேனியர் வணங்கிய இடித்தெய்வத்தின் பெயர் அதுவே. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின், அழைக்கப்பட்ட விருந்தினனாக அத்தெய்வம் திரும்பி வந்தது. நல்லவேளையாக எதையும் எரிக்காமல் போயிற்று. இப்போது ஓடுபாதையின் எஞ்சிய துண்டுகளைச் சுற்றி மீண்டும் வயல்.

1980இல் ஊர் நடுவே 9ஆம் அணிக்கு ஒரு நினைவுச்சின்னம் எழுந்தது. லங்காஸ்டர் விமானத்தின் உந்துவிசிறி ஒன்றை ஒரு பாறையின்மேல் நிறுத்தியுள்ளனர். அந்தப் பாறை உள்ளூர்க் கல் அன்று. டிர்பிட்ஸ் நங்கூரமிட்டிருந்த வட நார்வேயின் கடற்கழியிலிருந்து கொண்டுவரப்பட்டது. கொண்டுவந்தவர்கள் வெற்றியின் நினைவாகத்தான் கொண்டுவந்திருக்க வேண்டும். அதில் தவறு காண நான் முயலவில்லை. தன் பிள்ளைகளை இழந்த ஊர் முதலில் தன் பிள்ளைகளின் பெயரைத்தான் சொல்லும். ஆனால் ஓஸ்திரித்தின் வண்டி வந்து நின்ற ஊர் அது. பகைவரின் கரையிலிருந்து ஏதோ ஒன்றை வண்டியேற்றிப் பார்ட்னிக்குள் கொண்டுவருவது இது இரண்டாம் முறை. முதன்முறை எலும்புகள் வந்தன, கதவு சாத்தியிருந்தது. இம்முறை கல் வந்தது, யாரும் தடுக்கவில்லை. அந்தக் கல்லோடு சேர்ந்து அந்த ஆயிரம் பேரும் வந்துவிட்டார்களா என்பது பார்ட்னி மக்கள் சொல்ல வேண்டிய விடை. கதவைச் சாத்திய துறவியரும் தீயவர் அல்லர் என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். அவர்களுக்கு நேர்ந்தது மெய்யான தீங்கு. ஒஸ்வால்டு அவர்களை வென்று ஆண்டது மெய். மறக்க இயலாததை மறக்கும்படி பீட் அவர்களிடம் கேட்கவில்லை. கதவைத் திறக்கும்படி மட்டுமே அந்த ஒளி கேட்டது.

அண்மையில் லிங்கன் நகருக்கு வெளியே ஒரு மேட்டின்மேல் குண்டுவீச்சுப் படையினருக்கான நினைவு நடுவம் ஒன்று 2018இல் திறக்கப்பட்டது. லங்காஸ்டரின் சிறகு அகலமான 31 மீட்டர் உயரத்திற்கு ஒரு கூர்ந்த கம்பம். அதைச் சுற்றி இறந்தவர்கள் ஏறத்தாழ 58,000 பேரின் பெயர்கள். அங்கிருந்து பார்த்தால், விமானிகள் திரும்பிவரும்போது அடையாளமாகக் கொண்ட லிங்கன் பேராலயத்தின் கோபுரங்கள் தெரியும். ஒப்புரவும் தன் நோக்கங்களில் ஒன்று என்று அந்நடுவம் அறிவித்திருக்கிறது. ஆகவே, விமானிகளின் குரலோடு, குண்டுகளுக்குக் கீழே இருந்த மக்களின் வாய்மொழிகளையும் அது சேகரித்து வைத்திருக்கிறது.

பார்ட்னியில் மடம் இருந்த இடம் இப்போது வெறும் புல்வெளி. சுவர்கள் இருந்த இடங்களில் மண் சற்றே மேடிட்டிருக்கிறது, அவ்வளவே. பக்கத்திலுள்ள கானிங்ஸ்பி தளத்தில், உலகில் இன்னும் பறக்கும் நிலையில் இருக்கும் இரண்டே லங்காஸ்டர்களில் ஒன்றைப் பாதுகாத்து வருகிறார்கள். 1990களில் சில ஆண்டுகள் அது பார்ட்னியின் பழைய விமானம் ஒன்றின் எழுத்தும் எண்ணும் தாங்கிப் பறந்தது. கோடைக் காலங்களில் அந்த விமானம் இன்றும் விதாம் பள்ளத்தாக்கின்மேல் செல்வதுண்டு. அதன் இரைச்சல் கேட்டு வீட்டுப் பிள்ளைகள் பார்க்க ஓடுவார்கள். ஓடும் அவசரத்தில் கதவைச் சாத்த மறப்பார்கள்; உள்ளிருந்து பாட்டி அந்தப் பழைய கேள்வியைக் கேட்பாள்.